பழைய 4 வரிசை சோள பிளாண்டர்: மார்க்கர் கையை மாத்தறதா, ஜிபிஎஸ் போடறதா?

நிபோங் சோளக்காரன்
வணக்கம் எல்லாருக்கும். பினாங்கு நிபோங் திபால் பக்கம் 6 ஏக்கர்ல இனிப்பு சோளம் போடுறேன், பாதி சொந்தம் பாதி வாடகை நிலம். போன வருசம் ஒரு அமெரிக்க பிளாண்டர், அதான் விதை போடற மிஷின், செக்கன் ஹேண்டா எடுத்தேன், 4 வரிசை, 30 இன்ச் இடைவெளி, டிராக்டர் பின்னால தூக்கி எறக்கற மூனு கையில (த்ரீ பாயின்ட்) மாட்டறது, வயசு 40க்கு மேல இருக்கும். விதை விழறது எல்லாம் அருமை. பிரச்சனை மார்க்கர்தான். தெரியாதவங்களுக்கு, மிஷினோட ரெண்டு பக்கமும் ஒரு நீட்டு கை இருக்கும், அதோட நுனியில ஒரு தட்டு, அது மண்ணுல கோடு கிழிச்சிட்டே வரும், அடுத்த தடவை திரும்பி வர்றப்ப டிராக்டர் நடுமூக்கை அந்த கோட்டுமேல வச்சி ஓட்டணும். என் மிஷின்ல கோடு ஒழுங்கா தெரியறதும் இல்ல, தெரிஞ்சாலும் அதைப் புடிச்சி ஓட்டினா ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல இருக்கிற வரிசை ஒன்னு நெருக்கமா வருது ஒன்னு அகலமா வருது. வலது கை ஒரு தடவை வாய்க்கால் வரப்புல இடிச்சி லேசா வளைஞ்சிருக்கு. ஹைட்ராலிக்கும் சரியில்ல, ஒரே கை ரெண்டு தடவை எறங்குது, சில சமயம் ரெண்டும் சேர்ந்து எறங்குது.

சைட்டு மார்க்கர் முழு செட்டா வெளிநாட்லேர்ந்து எடுக்கலாமா, இங்கயே பட்டறையில அடிக்கலாமா, இல்ல மார்க்கரையே கழட்டிட்டு ஜிபிஎஸ் போட்டுடலாமா? அடுத்த நடவுக்கு 3 வாரந்தான் இருக்கு. கொஞ்சம் சோயாவும் போட்டுப் பாக்கலாம்னு ஆசை.

பாயான் பையன்
அண்ணே, இந்தக் காலத்துல யாரு கோடு கிழிச்சி ஓட்றா. ஜிபிஎஸ் போட்டு ஸ்கிரீன்ல பாத்து ஓட்டிட்டு போய்ட்டே இருங்க. அமெரிக்காவுல 48 வரிசை, 120 அடி அகலத்துக்கு எல்லாம் பிளாண்டர் இருக்கு, அதுக்கு கை வச்சா கை எவ்ளோ நீளம் வரும் யோசிங்க. ஸ்டியரிங் அதுவே திரும்பும்.

ஜாவி பட்டறை
தம்பி, அவருக்கு இருக்கறது 6 ஏக்கர். 120 அடி பிளாண்டர் உள்ள வந்தா திரும்பறதுக்கு பக்கத்து செம்பனைக்குள்ள போவணும்.

சோளக்காரரே, புது செட்டு எல்லாம் வேணாம். அந்தக் கையில இருக்கறது வெறும் சதுரக் குழாயும் ரெண்டு பின்னும்தான். பெசி புரோக், அதான் பழைய இரும்புக் கடையிலயே கிடைக்கும். மொதல்ல போட்டோ போடுங்க. கை மடங்கற எடத்துல பின் ஓட்டை முட்டை மாதிரி ஆயிருக்கான்னு பாருங்க. தட்டோட பேரிங் ஆடுதான்னு பாருங்க. அப்புறம் வளைஞ்ச கையில என்னா போல்ட் போட்டிருந்தீங்க?

நிபோங் சோளக்காரன்
போட்டோ நாளைக்கு போடுறேன். போல்ட்டு… வாங்கறப்ப இருந்தது ஒன்னு ஒடைஞ்சி போச்சி, கையில இருந்த 8.8 போல்ட் ஒன்னு போட்டு இறுக்கிட்டேன். ஏன் கேக்குறீங்க?

ஜாவி பட்டறை
அதான் கை வளைஞ்சிருக்கு. அந்த எடத்துல இருக்கற போல்ட் ஒடையறதுக்குன்னே போடறது. கை எங்கயாச்சும் இடிச்சா போல்ட் துண்டாகி கை பின்னால போயிரணும். நீங்க தலையில 8.8னு போட்ட கெட்டி போல்ட் போட்டா அது ஒடையாது, கைதான் வளையும், இல்லன்னா பிரேம்ல பத்த வச்ச எடம் பிளக்கும். 4.6னு போட்ட சாதா போல்ட் போடுங்க, பையில நாலஞ்சி எக்ஸ்ட்ரா வச்சிக்குங்க. 1 வெள்ளி போல்ட்டு ஒடையட்டுமே, என்ன இப்ப.

பாயான் பையன்
சரி, கைதான்னா நீளம் சரியா இருக்கான்னு பாத்திங்களா? 4 வரிசை 30 இன்ச்னா மொத்தம் 120 இன்ச், அதுல பாதி 60. ஓர வரிசையிலேர்ந்து 60 இன்ச்சுல கோடு வரணும். கணக்கு முடிஞ்சி.

சுங்கை பாக்காப் அக்கா
தம்பி கணக்கு முடியல. ஓர வரிசையிலேர்ந்து 60ல கோடு போட்டா ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல 15 இன்ச்தான் வரும், சோளம் ரெண்டும் முட்டிக்கும். ஓர வரிசைக்கு அந்தாண்ட பாதி இடைவெளி 15 இன்ச் இவரு பங்கு, அதைத் தாண்டிதான் அடுத்த ஓட்டத்தோட 60 ஆரம்பிக்கும். 60ம் 15ம் 75. ஓர வரிசை விதை விழற எடத்துலேர்ந்து கோடு வரைக்கும் 75 இன்ச். இல்ல பிளாண்டர் நடுவுலேர்ந்து அளந்தா 120 இன்ச், அதாவது எத்தனை வரிசையோ அதை இடைவெளியால பெருக்கினா போதும், அது எந்த மிஷினுக்கும் ஒத்து வரும். நம்ம ஊர்ல 75 சென்டிமீட்டர்ல போடறவங்களுக்கு நடுவுலேர்ந்து 300, ஓர வரிசையிலேர்ந்து 187 அரை.

இதெல்லாம் டிராக்டர் நடுமூக்கை கோட்டுல வச்சி ஓட்றவங்களுக்கு. முன் சக்கரத்தை கோட்டுல விட்டு ஓட்றவங்க ரெண்டு முன் சக்கரத்துக்கு நடுவுல இருக்கற தூரத்துல பாதியை கழிச்சிக்கணும்.

இன்னொன்னு, கொட்டகையில நிறுத்தி வச்சி அளக்காதீங்க. மிஷினை எறக்கி, விதைக்கிற ஆழத்துக்கு மண்ணுல விட்டு, ஒரு 20 மீட்டர் ஓட்டிட்டு, அப்புறம் கோட்டுலேர்ந்து அளங்க. பிரேம் ஒசந்து நின்னா கை சாய்ஞ்சி எறங்கும், அளவு மாறும். நான் அப்பா காலத்துலேர்ந்து டிராக்டர் ஓட்றேன், கொட்டகை அளவை நம்பி ஒரு சீசன் முழுக்க கோணலா போட்டவ.

பாயான் பையன்
அக்கா மன்னிச்சிக்குங்க, பாதி இடைவெளிய மறந்துட்டேன். ஆனா ஜிபிஎஸ்ல இந்தத் தொல்லையே இல்ல பாருங்க :)

கெப்பாலா பத்தாஸ் நாத்து
நான் நெல்லுக்காரன், நாத்து நடற மிஷின் ஓட்றேன். எங்க மிஷின்லயும் ரெண்டு பக்கம் இதே மாதிரி கை உண்டு, நுனியில தட்டுக்கு பதிலா பல்லு வச்ச சின்ன சக்கரம், சேத்துல கோடு போட்டுட்டு வரும். அதுல நாங்க கத்துக்கிட்டது, தண்ணி ஒரு விரக்கடைக்கு மேல நின்னா கோடு கண்ணுக்கே தெரியாது, அதுனால நடறதுக்கு முன்னாடி தண்ணிய வடிச்சிருவோம். உங்க கோடு தெரியலன்னு சொன்னீங்களே, எந்த நேரத்துல ஓட்றீங்க? உச்சி வெயில்ல நெழலு விழாது, கோடு இருந்தும் தெரியாது. காலையில 7லேர்ந்து 10, சாயந்தரம் 4க்கு மேல ஓட்டிப் பாருங்க, அதே கோடு கருப்பா நிக்கும்.

நிபோங் சோளக்காரன்
நான் 11 மணிக்கு ஆரம்பிச்சி 3 வரைக்கும் ஓட்றவன், காலையில பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வர்றதுக்கே நேரமாயிருது. யோசிச்சதே இல்லண்ணே இதை.

போட்டோ போட்டுட்டேன். தட்டு விளிம்பு மழுங்கி போச்சி, பேரிங் ஆடுது, மடங்கற பின்னும் லொட லொட, கை நுனிய புடிச்சி பின்னால இழுத்தா ஒரு ஜாண் போவுது. இதுனாலதான் வரிசை கோணலா வருதோ?

ஜாவி பட்டறை
ஆமாம். பின் ஓட்டையை பெருசா கடைஞ்சி புஷ் அடிச்சி தர்றேன், கொண்டாந்து போடுங்க.

சுங்கை பாக்காப் அக்கா
அண்ணே புஷ் மாத்தறது சரிதான், ஆனா கோணலுக்கு அது காரணம் இல்லன்னு நெனக்கிறேன். 7 அடி கை நுனியில ஒரு அடி பின்னால போனாக் கூட பக்கவாட்டு தூரம் ஒரு இன்ச்சுக்கும் கம்மியாதான் கொறையும். ஒரு ஜாணுக்கு அரை இன்ச் கூட வராது.

சோளக்காரரே, போன நடவுல போட்ட பயிரு இன்னும் நிக்கிதா? நின்னா டேப்பு எடுத்துட்டு போயி ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய மட்டும் வரிசையா அளந்து எழுதிப் போடுங்க, சராசரி எல்லாம் வேணாம், போட்ட வரிசைப்படியே வேணும். ஏன்னா அந்த நம்பரே என்னா கோளாறுன்னு சொல்லிரும்.

எல்லாமே அகலம், இல்ல எல்லாமே நெருக்கம்னா ரெண்டு கையோட நீளமும் தப்பு. ஒன்னு விட்டு ஒன்னு சரியா 30 இருந்து மத்தது மட்டும் தப்பா இருந்தா ஒரு கை மட்டும் தப்பு. ஒன்னு நெருக்கம் அடுத்தது அதே அளவு அகலம், மறுபடி நெருக்கம் மறுபடி அகலம்னு வந்தா கை மேல குத்தமே இல்ல, பிளாண்டர் டிராக்டருக்கு நடுவுல நிக்கல.

பாயான் பையன்
மூனாவது ஏன் அப்டி வருது அக்கா? நடுவுல நிக்கலன்னா எல்லாமே ஒரே பக்கம்தானே தள்ளும்?

சுங்கை பாக்காப் அக்கா
பேப்பர்ல போட்டுப் பாரு தம்பி. பிளாண்டர் டிராக்டருக்கு வலது பக்கம் 4 இன்ச் தள்ளி நிக்கிதுன்னு வச்சிக்க. வடக்கால போறப்ப வலதுன்னா கெழக்கு, பிளாண்டர் 4 இன்ச் கெழக்க போவுது, கோடும் அதோட சேர்ந்து 4 இன்ச் கெழக்க விழுது. திரும்பி தெக்கால வர்றப்ப டிராக்டரை அந்தக் கோட்டுல வச்சிட்ட, ஆனா இப்ப வலதுன்னா மேற்கு, பிளாண்டர் மேற்கால 4 தள்ளி வருது. அப்ப ரெண்டு பிளாண்டர் நடுவுக்கும் 120 வரவேண்டிய எடத்துல 116, இடைவெளி 26. அடுத்த தடவை வடக்கால திரும்பினா மறுபடி கெழக்க தள்ளும், 124, இடைவெளி 34. ஒரு பக்கம் திருடினதை அடுத்த பக்கம் குடுத்துரும். மொத்தத்துல நெலத்தோட அகலம் சரியா வந்துரும், அதுனாலதான் யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க.

பழைய கிராணி
அருமையான விளக்கம்மா. நான் எஸ்டேட்ல கிராணியா இருந்தவன். ரப்பர் கன்னு நட லைன் போடறப்ப கம்பிக் கயிறுல அடையாளம் கட்டி, ரெண்டு பக்கம் ஆள் புடிச்சி, குச்சி அடிச்சிட்டே போவோம். கயிறு புடிக்கிற ஆளு எப்பவும் தன் பக்கம் கொஞ்சம் இழுப்பான், ஆளை மாத்தி நிறுத்தினா கோணல் அந்தப் பக்கம் போவும். அதே கதைதான் இது.

இன்னொரு சேதி, அமெரிக்காவுல சோள வரிசை முன்னெல்லாம் 40 இன்ச் அகலம் விட்டுதான் போட்டாங்க, காரணம் வரிசைக்கு நடுவுல குதிரை நடக்கணும். குதிரை போனப்புறந்தான் 30க்கு வந்தாங்க. நம்ம சோளக்காரரோட 30 இன்ச் அங்கேர்ந்து வந்த அளவு, நம்ம 75 சென்டிமீட்டருக்கு ரொம்பப் பக்கம், அதிர்ஷ்டந்தான்.

நிபோங் சோளக்காரன்
அக்கா, இன்னைக்கு சாயந்தரம் நானும் வீட்டுக்காரியும் டேப்பு புடிச்சி அளந்தோம். பயிரு இடுப்பு உயரம், இலை கையெல்லாம் அறுக்குது, அவ ஒரு முனைய தண்டோட அடியில அழுத்திக்கிட்டா, நான் எழுதிக்கிட்டேன். மேற்குலேர்ந்து வரிசையா: 26, 34, 26, 35, 25, 34.

பாத்ததும் எனக்கு சிரிப்பு வந்துருச்சி. அவ "என்னா சிரிக்கிறீங்க, தப்பா போட்டதுக்கா"ன்னு கேட்டா.

சுங்கை பாக்காப் அக்கா
வாங்க வாங்க. 4 இன்ச். ரெண்டு கையும் நல்ல பிள்ளைங்க, வளைஞ்சது கூட பெருசா ஒன்னும் பண்ணல. இப்ப ரெண்டு பாருங்க. ஒன்னு, டிராக்டர் பின்னாடி கீழ் கை ரெண்டும் பக்கவாட்டுல ஆடாம இருக்க செயின் இருக்குமே, ரெண்டு பக்கமும் ஒரே நீளமா, இறுக்கமா இருக்கான்னு பாருங்க. ரெண்டு, நீங்க ஒக்காந்து எதை வச்சி கோட்டைப் பாக்குறீங்க? போனட்டோட நடுவா, இல்ல உங்க கண்ணுக்கு நேரா வர்ற எடமா? சீட்டுல ஒரு பக்கமா ஒருக்களிச்சி ஒக்காந்து பின்னால விதையைப் பாத்துட்டே ஓட்டினா அதுவும் இதே மாதிரி நெருக்கம் அகலம்னுதான் காட்டும்.

ஜாவி பட்டறை
அம்மா சொன்னது சரி, நான் தப்பு. செயின்னு தோணவே இல்ல.

கண்ணுக்கு ஒரு வழி சொல்றேன். முன்னாடி வெயிட்டு மாட்டற எடத்துல சரியா நடுவுல ஒரு சின்ன சங்கிலித் துண்டு தொங்க விடுங்க, மண்ணுக்கு ஒரு ஜாண் மேல நிக்கிற மாதிரி. சங்கிலி கோட்டுமேல ஓடுதான்னு மட்டும் பாருங்க. போனட்டை நம்பாதீங்க.

நிபோங் சோளக்காரன்
செயின்தான்!! இடது பக்கம் யாரோ பழைய ஓனரு கப்பல் செயின் மாதிரி ஒன்னு மாட்டியிருக்கான், வலதை விட நீளம். தூக்கினா நடுவுல நிக்கிற மாதிரி தெரியும், மண்ணுல எறக்கி இழுத்தா வலது பக்கம் ஓடிருது. ஒரு வருசமா பாத்துட்டே இருந்திருக்கேன், கண்ணுல படல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி திருகு வச்ச செயின் மாட்டி, சக்கரத்துலேர்ந்து பிளாண்டர் பிரேம் வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து சமமா இறுக்கிட்டேன்.

பாயான் பையன்
அப்ப ஜிபிஎஸ் போட்டிருந்தாலும் இதே மாதிரி நெருக்கம் அகலம்தானே வந்திருக்கும்? டிராக்டர் நேரா போயிருக்கும், பிளாண்டர் 4 இன்ச் தள்ளியே வந்திருக்கும்… சரி நான் வாபஸ்.

ஆனாலும் விசாரிச்சேன். அமெரிக்காகாரன் பேசற இலவச திருத்த சிக்னல் வட அமெரிக்காவுக்குத்தான், இங்க அது ஒதவாது. சும்மா ஸ்கிரீன் ஜிபிஎஸ்ஸ நம்பினா 8 இன்ச், 10 இன்ச், அதுக்கு மேலயும் தப்பு வரும், 30 இன்ச் வரிசைக்கு அது ஆவாது. ஒரு இன்ச் துல்லியம் வேணும்னா ஆர்டிகேங்கற துல்லிய திருத்த முறைக்கு போவணும், நம்ம ஊர்ல நில அளவை இலாகாவோட மைஆர்டிகேநெட் இருக்கு, அதுக்கு பதிஞ்சி, போன் லைன் வழியா திருத்தம் எடுத்து, நல்ல ரிசீவர் வாங்கி… 6 ஏக்கருக்கு தாங்காது. அதோட ஒரு பக்கம் செம்பனை மரம் நின்னா ஓரத்துல சேட்டிலைட் மறையும்.

நிபோங் சோளக்காரன்
மூனு பக்கம் செம்பனை தம்பி.

சரி இப்ப மிச்சம் தட்டும் ஹைட்ராலிக்கும். நம்ம மண்ணு களி, மழை பெஞ்ச மறுநாள் தட்டுல அப்பிக்கிட்டு உருண்டையா போவுது.

ஜாவி பட்டறை
தட்டு: பல்லு வச்சது வேணாம், அது காய்ஞ்ச சருகு, கட்டை நெறைஞ்ச உழாத மண்ணுக்கு. உங்களுக்கு வழவழ விளிம்பு தட்டே நல்லது, புதுசு போடுங்க. கோணத்தை ரொம்ப திருப்பாதீங்க, திருப்பினா மண்ணை வாரிப் போட்டு வரப்பு கட்டும், அடுத்த ஓட்டத்துல விதை அந்த வரப்புல ஏறி எறங்கும். லேசா ஒரு கோணம், பின்னால ஒரு தகடு வழிக்கிற மாதிரி. பொதபொத மண்ணா இருந்தா தட்டு பக்கத்துல விளிம்புலேர்ந்து 2 இன்ச் உள்ள தள்ளி ஒரு வளையம் வச்சிருங்க, அதுக்கு மேல எறங்காது.

ஹைட்ராலிக்: ஒரே ஹோஸ்ல ஒரு வால்வு வந்து இடது வலதுன்னு மாத்தி மாத்தி அனுப்பும். அந்த வால்வுக்குள்ள அழுக்கு சேந்தா ஸ்பூல் சிக்கிக்கும், நீங்க சொன்ன எல்லா சேட்டையும் அதுதான். கழட்டி டீசல்ல கழுவினா பாதி நேரம் சரியாயிரும். ஆனா உங்க பிளாண்டர் த்ரீ பாயின்ட்ல தூக்கறது, தூக்கறதுக்கு வெளி லைன் வேணாம். டிராக்டர்ல பின்னாடி ரெண்டு லீவர் சும்மாதான் இருக்கும். வால்வையே தூக்கிட்டு இடதுக்கு ஒரு லீவர், வலதுக்கு ஒரு லீவர் குடுங்க. எது எறங்கணும்னு நீங்க முடிவு பண்ணுங்க, வால்வு வேணாம். லைன்ல சின்ன ஓட்டை வச்ச ரெஸ்ட்ரிக்டர் போட்டா கை தொப்புன்னு விழாம மெதுவா எறங்கும்.

லீக் பாக்கறப்ப கையால தடவாதீங்க. ஊசி ஓட்டையில வர்ற எண்ணெய் தோலைக் கிழிச்சி உள்ள போயிரும், வெளிய ஒரு புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரும். அட்டைய வச்சிப் பாருங்க.

கெப்பாலா பத்தாஸ் நாத்து
கைய தூக்கி நிறுத்திட்டு ரோட்டுல ஓட்றப்ப மேல கரண்டு கம்பியும் பாருங்க. கையும் பிளாண்டரும் சேந்தா ஒசரம் நெனச்சதை விட ஜாஸ்தி. தூக்கின கைக்கு பின் குத்திட்டுதான் கீழ போவணும்.

சுங்கை பாக்காப் அக்கா
சோயா போடறேன்னு சொன்னீங்களே, அதுக்கு இதெல்லாம் இன்னும் முக்கியம். சோளம் ஆள் கையாலதான் ஒடிக்கிறோம், 26க்கும் 34க்கும் பறிக்கிறவங்களுக்கு ஒன்னும் இல்ல, மண் அணைக்கிறப்பதான் தெரியும், நெருக்கமான வரிசையில மண்வெட்டி பயிரோட வேரைக் கீறும். சோயா அப்டி இல்ல, இலை ரெண்டு பக்கமும் சேந்து மூடினாத்தான் புல்லு அடங்கும். 35 இன்ச் விட்ட எடத்துல சீக்கிரம் மூடாது, நெலம் முழுக்க புல்லு கோடு கோடா நிக்கும், ரோட்டுலேர்ந்தே அடுத்தவன் எண்ணிருவான் நீங்க எத்தனை தடவை திரும்பினீங்கன்னு.

மண் அணைக்கிற கலப்பையும் 4 வரிசைதானே? பிளாண்டர் போன அதே தடத்துல விடுங்க, ஓட்டத்துக்கு நடுவுல இருக்கற இடைவெளிய போறப்ப பாதி, திரும்பி வர்றப்ப பாதி எடுக்கற மாதிரி வச்சிக்குங்க.

நிபோங் சோளக்காரன்
கடைசி அப்டேட். ஜாவி அண்ணன் புஷ் அடிச்சி, தட்டு ரெண்டும் மாத்தி, வளைஞ்ச கைய சூடு காட்டி நிமித்திக் குடுத்தாரு. கோப்பி வாங்கிக் குடுத்ததுக்கு "சுகர் இருக்கு, ஓ கோசோங் சொல்லு, சக்கரை பால் வேணாம்"னாரு. வால்வு எடுத்தாச்சி, ரெண்டு லீவர். மொத நாள் பழக்கதோசத்துல ரெண்டு லீவரையும் சேத்து தள்ளிட்டேன், ரெண்டு கையும் விழுந்து ரெண்டு பக்கமும் கோடு, இப்ப லீவர்ல செவப்பு டேப்பு ஒன்னு மஞ்சள் டேப்பு ஒன்னு சுத்தியிருக்கேன். சங்கிலி தொங்க விட்டாச்சி. ஸ்கூல் வேனுக்கு பிள்ளைய அனுப்பிட்டு 7.30க்கே எறங்கினேன், கோடு சும்மா பேனாவுல போட்ட மாதிரி தெரிஞ்சிது.

8 ஓட்டம் போட்டேன். மண்ணைக் கீறி விதையைத் தேடி அளந்தது: 30, 31, 30, 29, 30, 31, 30. வீட்டுக்காரி டேப்பை சுருட்டிட்டு "இதுக்கா ஒரு வருசம்"னா.

சோயா விதை யாராச்சும் 10 கிலோ மாதிரி குடுப்பீங்களா? தெம்பே பலகாரத்துக்கு போடற சோயா பீன்ஸ் கடையில வாங்கி நனைச்சிப் பாத்தேன், பாதிக்கு மேல மொளைக்கல.

பழைய கிராணி
கடையில விக்கறது சமையலுக்கு வர்ற சரக்கு தம்பி, பெரும்பாலும் வெளிநாட்டு கப்பல்ல வந்து எத்தனை மாசம் கெடந்துதோ. அதை நம்பி விதைக்காதீங்க. மார்டி, அதான் விவசாய ஆராய்ச்சி நிலையம், அங்க கேட்டுப் பாருங்க, கெப்பாலா பத்தாஸ் போற வழிதானே.

பாயான் பையன்
போறப்ப சொல்லுங்கண்ணே, நானும் வர்றேன். டிராக்டர் ஓட்ட விடுவீங்கன்னா.